கனாகிஸின் கீழுதடு

என் கொழுந்தன் கனாகிஸ் வாயைத் திறந்தால் ஒன்று மனிதர்கள் சிரிப்பார்கள், இல்லையென்றால் ஆடுகள் திரும்பும். அந்த வாய்க்குத்தான் ஆபத்து வந்தது.

செத்துப்போன என் புருஷன் மனூசோஸுக்கு அவன் ஒரே தம்பி. வயது அறுபத்தெட்டு. சிறுவயதில் மலையேறியவன். பட்டாளத்துக்கு ஒருமுறை இறங்கினான், கல்யாணத்துக்கு ஒருமுறை, அண்ணனைப் புதைக்க ஒருமுறை என்று ஊர் கேலி பேசும். மற்றபடி அவனுக்கு வீடு என்பது ராத்திரி தலைசாய்க்கிற இடம். பகலெல்லாம் ஆடுகளோடு மலையில்தான்.

எங்கள் மலை முழுக்கப் பிளந்த பாறை. வண்டி போகாது. நாயை அனுப்பினாலும் கால் கிழிந்து திரும்பும். அங்கே சீழ்க்கை மட்டும்தான் போகும். கனாகிஸ் கீழுதட்டை உள்ளே மடித்து, இரண்டு விரலை நாக்கு நுனியில் வைத்து ஊதினால் எதிர் மலையில் மேய்கிற ஆடு தலையைத் தூக்கும். நீளமாக ஊதினால் வா என்று அர்த்தம். வெட்டி வெட்டி ஊதினால் நில். கடைசியில் மேலே இழுத்து விட்டால் அந்தப் பக்கம் போகாதே. இதைத் தவிர அந்த ஆடுகளுக்கு வேறு பாஷை தெரியாது.

அந்தக் கீழுதட்டில் ஒரு புண் வந்தது. பொருக்குத் தட்டும், உதிரும், ரத்தம் கசியும், மறுபடியும் பொருக்குத் தட்டும். ஒரு வருஷத்துக்கு மேல் இப்படியே. கேட்டால் ஒரு நாள் சிகரெட் சுட்டது என்பான், ஒரு நாள் பனிக்காற்று என்பான், பெரும்பாலும் முள் குத்தியது என்பான்.

"ஏண்டா, போன வருஷம் குத்துன முள்ளு இன்னுமா ஆறல?"

"இது புது முள்ளு அண்ணி."

"மலையில இருக்குற முள்ளெல்லாம் ஒன் ஒதட்டுக்குக் குடிவந்திருக்கா?"

சிரித்தான். சிரித்ததும் உதடு வெடித்து ரத்தம் வந்தது. சட்டைக் கையால் துடைத்துக்கொண்டு போய்விட்டான்.

முள்ளாவது மண்ணாவது. வெயில்தான். எங்கள் ஆண்கள் தலையில் கறுப்பு வலைத்துண்டு கட்டுவார்கள். நெற்றியில் குஞ்சம் குஞ்சமாகத் தொங்கும். பார்க்க லட்சணம்தான். ஆனால் ஒரு விரற்கடை நிழல் தராது. விளிம்பு வைத்த தொப்பி டூரிஸ்டுகள் போடுவது, கிரீட்டு ஆம்பளை போடுவதில்லை. மேலுதட்டுக்காவது மீசை குடை பிடித்தது. கீழுதட்டுக்கு என்ன இருக்கிறது? அறுபது வருஷ வெயிலையும் அதுதான் வாங்கிக்கொண்டது.

அவன் பெண்டாட்டி ஆர்கிரோ நல்லவள். அழுதாள், கோயிலில் மெழுகுவத்தி ஏற்றினாள், அவன் தலையணைக்கடியில் துளசி வைத்தாள். நான் நேரே பட்டிக்குப் போனேன்.

"இங்க பாரு கனாகிஸ். நீ இந்த ஒதட்டோட செத்தேன்னா ஒன்ன மனூசோஸ் பக்கத்துல பொதைக்க விடமாட்டேன். அந்த எடம் எனக்கு."

"அப்ப நான் எங்க போறது?"

"ரோட்டோரமா."

"ரோட்டோரம் ஒரே தூசியா இருக்குமே" என்றான். ஆனால் மறுநாள் காலையில் சட்டை மாற்றிக்கொண்டு பஸ்ஸுக்கு வந்து நின்றான்.

ஹிராக்லியோ பட்டணத்து ஆஸ்பத்திரியில் எங்களைப் பார்த்தது டனாயி என்ற டாக்டர். சின்னப் பெண். கண்ணாடி போட்டிருந்தாள். உதட்டை ஒரு லென்ஸ் வைத்துப் பார்த்தாள், கடுகளவு கிள்ளிச் சோதனைக்கு அனுப்பினாள். மறுபடி வரச் சொன்னாள். போனபோது சுற்றி வளைக்காமல் சொன்னாள்.

"இது தோல் புற்றுநோய்."

எங்கள் ஊரில் அந்தப் பேரை யாரும் வாயால் சொல்வதில்லை. அந்தக் கெட்ட நோய் என்போம், அல்லது கையை உதறிக் காட்டுவோம். இவள் கத்திரிக்காய் என்று சொல்வதுபோல் சொன்னாள். ஆர்கிரோ சிலுவை போட்டுக்கொண்டாள். எனக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துப்போயிற்று.

"பயப்படாதீங்க. சீக்கிரமா வந்துட்டீங்க. அந்த எடத்த மட்டும் வெட்டி எடுத்துட்டுத் தச்சுட்டா போதும்" என்றாள்.

கனாகிஸ் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "விசில் அடிக்க முடியுமா?"

"என்ன விசில்?"

அவன் விரலை வாயில் வைத்து ஒன்று விட்டான். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. வெளியே ஏதோ தட்டு விழுந்து உருண்ட சத்தம் கேட்டது. ஒரு நர்ஸ் கதவைத் திறந்து, நெருப்புப் பிடித்துவிட்டதா என்று கேட்டாள். டாக்டர் காதைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இதுதான் அம்மா என் தொழிலு" என்றான் கனாகிஸ். "ஜூன்ல ரோமம் கத்தரிப்பு. அன்னிக்கு மந்தைய மலையிலேருந்து எறக்கணும். நான் ஊதுனாத்தான் எறங்கும்."

அவள் சிரிக்கவில்லை. யோசித்துச் சொன்னாள்.

"ஒதட்டுல ஆப்பு மாதிரி ஒரு துண்ட எடுத்துருவேன். ஒதடு கொஞ்சம் குட்டையாகும். நல்லா ஆறுச்சுன்னா விசில் வரலாம். ஆறுறதுல பாதி என் தையல். மீதி உங்க அடக்கம். வாயப் பெருசாத் தெறக்கக் கூடாது. சிரிக்கக் கூடாது. சிகரெட் கூடாது. ரக்கி கூடாது. வெயில் கூடாது. புண்ண சோப்புத் தண்ணியால மெதுவாக் கழுவி, எந்நேரமும் வாசலின் தடவி ஈரமாவே வச்சிருக்கணும்."

"அதுக்குப் பேசாம பொதச்சிரலாமே" என்றான் அவன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "விசில் வரலேன்னா மந்தைய வார்டிஸ்கிட்ட குடுத்துருவேன். ஊமை மாதிரி மலையில நிக்க என்னால ஆகாது." விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று குரலிலேயே தெரிந்தது. ஆர்கிரோ என் கையைப் பிடித்துக்கொண்டாள். மந்தை போனால் அந்த ஆள் ஒரு குளிர்காலம் தாங்கமாட்டான் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

வார்டிஸ் மலையில் அடுத்த பட்டிக்காரன். இளவட்டத்தில் இரண்டு பேரும் ஒருவன் ஆட்டை ஒருவன் திருடித் தின்றவர்கள். அப்புறம் பெரியவர்கள் பேசி, சமாதானத்துக்கு வார்டிஸை கனாகிஸ் மகனுக்கு ஞானத்தகப்பன் ஆக்கினார்கள். அந்த மகன் இப்போது ஏதென்ஸில் கப்பல் ஆபீசில் இருக்கிறான். ஆட்டைப் பார்த்தால் தும்முவான். ஆக, மந்தைக்கு வேறு நாதி கிடையாது.

ஈஸ்டர் கழிந்ததும் ஆபரேஷன் ஆயிற்று. உதட்டை மட்டும் மரக்கவைத்து வெட்டித் தைத்தார்கள். வாய்க்குக் கட்டுப் போட்டுக்கொண்டு, இரண்டு கண்ணிலும் கோபத்தோடு வீட்டுக்கு வந்தான்.

எங்கள் ஊரில் ஒருவன் படுத்துவிட்டால் ஊர் முழுக்கப் பார்க்க வரும். முட்டை வரும், பாலாடைக்கட்டி வரும், எல்லார் கையிலும் வீட்டில் வடித்த ரக்கிச் சாராய பாட்டில் வரும். நோயாளியைச் சிரிக்க வைக்காமல் எழுந்து போவது மரியாதைக் குறைவு. நான் துடைப்பத்தோடு வாசலில் நின்றேன்.

"உள்ள போலாம். ஒக்காரலாம். ஆனா எவனாவது அவனச் சிரிக்க வச்சீங்க, இந்தக் கட்ட ஒங்க முதுகுலதான்."

எல்லாரும் பயந்துபோய் சாவு வீட்டுக்கு வந்ததுபோல் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு சுவரோரம் வரிசையாக உட்கார்ந்தார்கள். சாமியார் தாடியைத் தடவிக்கொண்டு தரையைப் பார்த்தார். அந்தக் கோலத்தைப் பார்த்தே கனாகிஸுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. எதைக் கேட்டாலும் வேண்டாம் என்பதற்குப் புருவத்தை மேலே தூக்குவான். நாங்கள் நாக்கையும் சேர்த்துத் தட்டுவோம். அவனால் அது முடியாது. புருவம் மட்டும் ஏறி ஏறி இறங்கியது.

வார்டிஸ் வந்தான். எதிரே நாற்காலியைப் போட்டு, முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு அவனையே பார்த்தான்.

"அம்பது வருஷமா இந்த நாளுக்குத்தாண்டா காத்திருந்தேன். நான் பேசப் போறேன், நீ கேக்கப் போற. மொதல்ல அந்தக் கறுப்புக் கெடா விஷயம்..."

கனாகிஸின் தோள் குலுங்கியது. கண்ணில் தண்ணீர் வந்தது. இரண்டு கையாலும் கட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டான். நான் துடைப்பத்தை ஓங்கினேன்.

"ருபினி அக்கா, நான் சிரிப்பா எதுவுமே சொல்லல! அந்தக் கெடாவ இவன்தான் தின்னான்!"

"வெளிய போடா!"

கட்டை அவிழ்த்த பிறகு நாளுக்கு நாள் புண் தெளிய வேண்டும். ஆனால் தெளியவில்லை. வேகவைத்த பீட்ரூட் மாதிரி சிவந்துகொண்டே போயிற்று. கேட்டால் புருவத்தைத் தூக்கினான். ஆர்கிரோவும், நான் டாக்டரம்மா சொன்ன மாதிரிதான் செய்யிறேன் அக்கா என்றாள்.

ஒரு காலையில் புளித்த பாலில் வேகவைத்த கோதுமைக் கஞ்சியை எடுத்துக்கொண்டு வழக்கத்தைவிட முன்னாடியே போய்விட்டேன். கனாகிஸ் நாற்காலியின் இரண்டு கையையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கண்ணிலிருந்து கண்ணீர் தாரையாக வழிந்தது. ஆர்கிரோ பஞ்சை ஒரு பாட்டிலில் நனைத்து உதட்டில் ஒற்றிக்கொண்டிருந்தாள்.

"என்னடி பண்ற?"

"புண்ணத் தொடைக்கிறேன் அக்கா. காலையில ஒரு தடவ, சாயங்காலம் ஒரு தடவ."

"எதால?"

"நம்ம வீட்டு ரக்கியாலதான். மொத வடிப்பு. ஒரு பூச்சி உசுரோட இருக்காது."

பாட்டிலைப் பிடுங்கினேன். முதல் வடிப்பு ரக்கி எங்கள் ஊரில் டிராக்டரை ஓட்டும்.

"ரக்கி கூடாதுன்னு அந்தப் பொண்ணு சொல்லல?"

"குடிக்கத்தான கூடாதுன்னா? ஒரு சொட்டு முழுங்கல அக்கா இவரு. வாசம் வந்தாக்கூட மூச்ச அடக்கிக்கிறாரு, பாவம்."

"அந்த வாசலின் எங்க?"

"அதா? பிசுபிசுன்னு இருந்துச்சு. புண்ணு காய வேணாமா? கதவு கீலுக்குப் போட்டுட்டேன். இப்பக் கதவு சத்தமே போடறதில்ல."

அவளை நான் என்னவென்று திட்டுவது? பிள்ளைகள் முழங்காலைச் சிராய்த்தாலும் ரக்கி, ஆட்டு மடி வெடித்தாலும் ரக்கி, மனூசோஸுக்கு முதுகு பிடித்தாலும் ரக்கிதான். இந்த மலையில் அது தண்ணீருக்கு முன்னாடி வரும். ரக்கி கூடாது என்றால் குடிக்கக் கூடாது என்றுதான் இங்கே எல்லாருக்கும் புரியும். பட்டணத்துப் பெண்ணுக்கு அது தெரிந்திருக்காது.

ஆனால் அவனைத் திட்டலாம். "நீ ஏண்டா சொல்லல? ஒதட்டுலதான் தையலு, மூளைக்குமா தச்சாங்க?"

பல்லிடுக்கில் மெதுவாகச் சொன்னான். "எரியுதுன்னு ஒரு ஆம்பள சொல்லுவானா அண்ணி? எரிஞ்சா ஆறுதுன்னு நெனச்சேன்."

வார்டிஸின் டிரக்கை எடுக்கச் சொல்லி அப்போதே ஹிராக்லியோவுக்குக் கிளம்பினோம். டனாயி வெகுநேரம் பார்த்தாள். கூச்சல் போடவில்லை. ஆர்கிரோ ரக்கி விஷயத்தைச் சொன்னபோது கண்ணாடியைக் கழற்றி மூக்குத்தண்டைப் பிடித்துக்கொண்டாள். சிரிப்பை அடக்கினாளோ அழுகையை அடக்கினாளோ தெரியவில்லை.

"ஓரத்துல கொஞ்சம் பிரிஞ்சிருக்கு. இன்னும் ரெண்டு நாள் ஊத்தியிருந்தீங்கன்னா தையல் பூரா விட்டிருக்கும். இப்பக் காப்பாத்திரலாம். ஆனா தழும்பு கொஞ்சம் இறுகும்." பிறகு சொன்னாள், "ஒரு நல்ல சேதி. வெட்டி எடுத்தத சோதிச்சுப் பாத்தாச்சு. சுத்தி ஓரமெல்லாம் சுத்தம். புத்து மிச்சமில்ல."

ஆர்கிரோ பாய்ந்து அவள் கையை முத்தமிட்டாள். கனாகிஸ் இரண்டு விரலை வாய் அருகே கொண்டுபோய்க் காட்டினான், ஊதுவதுபோல.

"அத இப்பச் சொல்ல மாட்டேன் ஐயா. தெரியாது" என்றாள் டனாயி.

உயிர் பிழைத்தவன் முகமாக அது இல்லை. நோய் போன சந்தோஷம் அவனைத் தொடவே இல்லை.

வழியனுப்ப வெளியே வந்தவள் வராந்தாவில் நின்றிருந்த வார்டிஸைப் பார்த்தாள்.

"அந்தக் காதுல என்ன?"

வார்டிஸ் பின்னால் திரும்பிப் பார்த்தான், வேறு யாரையோ கேட்கிறாள் என்று. "எனக்கா? நான் வண்டி ஓட்ட வந்தவன் அம்மா."

"வண்டிய காதாலயா ஓட்டுறீங்க? உள்ள வாங்க."

நல்லவேளை, அது இன்னும் கெட்டதாக மாறாத சொரசொரப்பு. ஏதோ குளிர்ந்த புகையை அடித்துக் கருக்கிவிட்டாள். போகும்போது எங்களைக் கேலி செய்துகொண்டே ஓட்டியவன், வரும்போது காதைப் பிடித்துக்கொண்டு வாய் திறக்காமல் ஓட்டினான். நான் நடுவில் உட்கார்ந்து, வெகுநாளைக்கப்புறம் அந்த இரண்டு பேரிடமிருந்தும் நிம்மதியாக வந்தேன்.

அன்றிலிருந்து புண்ணை நான் எடுத்துக்கொண்டேன். வீட்டிலிருந்த ரக்கி பாட்டில்களைச் சாமியார் வீட்டுக்கு அனுப்பினேன். அவர் மறுக்கவில்லை. சோப்புத் தண்ணீர், சுத்தத் துணி, வாசலின். உதடு எந்நேரமும் எண்ணெய் பூசிய ஒலிவக்காய் மாதிரிப் பளபளத்தது. வெயில் ஏறினால் வீட்டுக்குள். சாப்பாடு கஞ்சி, பிசைந்த உருளைக்கிழங்கு. சிவப்பு வெளுத்தது, பிரிந்த ஓரம் சேர்ந்தது, டனாயி தையலை எடுத்தாள். மெல்லிய வெள்ளைக் கோடாகத் தழும்பு நின்றது. விரலால் நீவிவிடச் சொன்னாள், கொஞ்சம் கொஞ்சமாக ஊதிப் பார்க்கலாம் என்றாள்.

மலையில் ஆடுகள் பெரிய மனிதர்கள் ஆகிவிட்டிருந்தன. வார்டிஸ்தான் அவற்றையும் பார்த்துக்கொண்டான். அவன் சீழ்க்கைக்கு அவன் ஆடுகள் வந்தன. இவன் ஆடுகள் அவனை ஒருமுறை பார்த்துவிட்டு மேய்ந்தன. ஆர்கிரோ ஒரு நாள் போய்ச் சட்டியைத் தட்டினாள், அவை இன்னும் மேலே ஏறிக்கொண்டன. நான் போய்த் திட்டினேன். ஊரில் என் திட்டுக்கு எல்லாரும் நகர்வார்கள். அந்த ஆடுகள் ஏப்பம் விட்டன.

"ஒன் ஆட்டுக்கெல்லாம் ஒன் திமிருடா" என்று வார்டிஸ் வந்து சொன்னான். சொல்லிவிட்டுத் தலையைச் சொறிந்தான். "கத்தரிப்பு நாள் நெருங்குது."

அதுதான் பெரிய கவலை. எங்கள் பக்கத்தில் ரோமம் கத்தரிப்பதற்கு ஒவ்வொரு பட்டிக்கும் முறை வைத்து ஒரு நாள் உண்டு. நாலு ஊர் மேய்ப்பர்களும் கத்தரியோடு வந்து கூலியில்லாமல் கத்தரிப்பார்கள், சாப்பிட்டுவிட்டு அடுத்த பட்டிக்குப் போவார்கள். என் நாளைத் தள்ளி வை என்று கேட்க முடியாது. அன்றைக்கு மந்தை கீழே இருக்க வேண்டும். இல்லையென்றால் ஆடு அந்தக் கம்பளியோடு கோடையில் வேகும், மந்தைக்காரன் தீர்ந்தான் என்று நாலு ஊரும் தெரிந்துகொள்ளும்.

கனாகிஸ் தொழுவத்துக்குப் பின்னால் போய் யாருக்கும் தெரியாமல் ஊதிப் பார்த்தான். எனக்கு என் கொல்லையிலிருந்தே கேட்டது. கேட்டது என்ன, வெறும் காற்று. "ஃபூ... ஃபூ..." என்று, அடுப்பு ஊதுகிறவன் மாதிரி. ஒரு வாரம் ஊதினான். ஒரு நாள் சாயங்காலம் சத்தம் நின்றுவிட்டது. போய்ப் பார்த்தேன். கல்லின் மேல் உட்கார்ந்திருந்தான்.

"வார்டிஸ வரச்சொல்லு அண்ணி. பேசி முடிச்சிரலாம்."

"என்ன முடிக்கணும்?"

"ஒதடு மடிய மாட்டேங்குது. குட்டையாப் போச்சு. பல்லுக்கு மேல வரல. அவ்வளவுதான்."

"வாயக் காட்டு."

"எதுக்கு?"

"ஒன் ஆடு எத்தன பல்லு போட்டிருக்குன்னு பாக்கவா கேக்குறேன்? காட்டுடா."

காட்டினான். அழகாக ஆறியிருந்தது. ஒன்றும் குறை சொல்ல முடியாது. ஆனால் மடக்கும்போது உதடு கீழ்ப்பல்லின் விளிம்போடு நின்றுவிட்டது. அரை விரற்கடை போதவில்லை. நான் அந்தப் பல்லையே பார்த்தேன். வெள்ளை வெளேரென்று, வரிசை தப்பாமல், அரசாங்கக் கட்டடம் மாதிரி நின்றது. கனாகிஸுக்கு அப்படிப் பல் எப்போது இருந்தது?

"இந்தக் கீழ்ப்பல்லு யாரோடது?"

முகம் சிவந்தான். "என்னோடதுதான்."

"பொறக்கும்போதே இருந்துச்சா, ரெதிம்னோ பல்டாக்டர் குடுத்தாரா?"

"மெதுவாப் பேசு அண்ணி."

"கழட்டு."

"என்னது?"

"ஒதட்ட நீட்ட முடியாது. பல்லக் கொறைக்கலாம்ல? கழட்டுடா."

அந்தப் பல் செட்டை அவன் ஆர்கிரோ முன்னால்கூடக் கழற்றியதில்லை. விளக்கை அணைத்துவிட்டுத்தான் கழற்றுவானாம், இது அவள் அப்புறம் எனக்குச் சொன்னது. கொஞ்ச நேரம் என்னை முறைத்தான். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக் கழற்றி, கறுப்புத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டான். உதட்டை மடக்கினான். ஈறுக்கு மேல் வழுக்கிக்கொண்டு உள்ளே போனது.

"ஃபூ."

"மறுபடி."

"ஃபூ... ஃபீ..."

கெட்டில் கொதிக்கத் தொடங்குகிற மாதிரி ஒரு சின்னச் சத்தம். எதிரே கிளறிக்கொண்டிருந்த கோழி கழுத்தை நிமிர்த்தியது. கனாகிஸ் கோழியைப் பார்த்தான், கோழி கனாகிஸைப் பார்த்தது.

"கோழிக்குக் கேட்டுச்சு" என்றான்.

"கோழிக்கு ரோமம் கத்தரிக்க முடியாது. ஊது."

தினமும் ஊதினான். வலித்தால் நிறுத்தச் சொல்லி டனாயி போனில் சொல்லியிருந்தாள், நிறுத்தினான். சத்தம் வளர்ந்தது. ஆனால் கத்தரிப்புக்கு முந்தின நாள்கூட அது கோயில் மதிலைத் தாண்டவில்லை. மலை அதற்கப்புறம் எவ்வளவோ தூரம். "வந்தா வருது, வரலேன்னா வார்டிஸ்" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனான்.

விடிந்ததும் நாலு ஊர்க்காரர்களும் வந்துவிட்டார்கள். கொப்பரைக்கு அடியில் தீ மூட்டியாயிற்று. நாங்கள் பெண்கள் ஆட்டுச்சாற்றில் வேகவைக்க அரிசி களைந்துகொண்டிருந்தோம். ஆண்கள் கத்தரிகளைக் கல்லில் தீட்டிக்கொண்டே மலையை மலையைப் பார்த்தார்கள். 

கனாகிஸ் வந்தான். தலையில் அகல விளிம்பு வைத்த வைக்கோல் தொப்பி. ஆர்கிரோ கடற்கரைக் கடையில் வாங்கியது, நீல ரிப்பன் வேறு. உதட்டில் வெயிலுக்கு வெள்ளைப் பூச்சு. தீட்டுகிற சத்தம் நின்றது.

"டூரிஸ்ட் பஸ்ஸு எங்க நிக்குது?" என்றான் ஒருவன்.

"திருப்பி அனுப்பிட்டேன். இங்க ஓசிச் சோறுன்னாங்க, தங்கிட்டேன்" என்றான் கனாகிஸ்.

எல்லாரும் சிரித்தார்கள். கொஞ்சம் பாரம் இறங்கியது. அவன் சிரிப்பு நிற்பதற்குள் பட்டிக்கு மேலே இருக்கும் பாறையில் ஏறிவிட்டான். எதிர்ச் சரிவில் அவன் ஆடுகள் கைப்பிடி எள்ளை வாரி இறைத்த மாதிரிச் சிதறிக் கிடந்தன. மணிச்சத்தம் மட்டும் அங்கங்கே.

விரலை வாய்க்குக் கொண்டுபோனவன் நின்றான். எனக்குப் புரிந்தது. பல்லைக் கழற்ற வேண்டும். நாலு ஊர் ஆண்களும் கீழே நின்று அண்ணாந்து பார்க்கிறார்கள். வேறு பக்கம் திரும்பி நிற்கப் பாறையில் இடமில்லை.

திரும்பி என்னைத் தேடினான். நான் அரிசிக்கையோடு எழுந்து போய்ப் பாறைக்குக் கீழே நின்றேன். அதற்கு மேல் அவன்தான் செய்ய வேண்டும்.

தொப்பியைப் பின்னால் தள்ளினான். எல்லார் முன்னாலும், பட்டப்பகலில், கீழ்ப்பல் செட்டைக் கழற்றிக் குனிந்து என் கையில் வைத்தான். சூடாக, ஈரமாக இருந்தது. என் புருஷனுடைய பல்லைக்கூட நான் கையில் பிடித்ததில்லை. பின்னால் ஒரு வாலிபன் க்ளுக் என்றான். வார்டிஸ் தீட்டிய கத்தரியோடு அவன் பக்கம் திரும்பினான். அதற்குப் பிறகு க்ளுக் இல்லை.

முதல் ஊதல் பாதியில் உடைந்தது. யாரோ பெருமூச்சு விட்டார்கள். ஆர்கிரோ முகத்தைத் தலைத்துண்டில் புதைத்துக்கொண்டாள்.

கனாகிஸ் உதட்டை நாக்கால் நனைத்தான், மெதுவாக மடக்கினான், மறுபடி ஊதினான்.

பழைய சத்தம் இல்லை அது. மெலிசாக, ஓரத்தில் கொஞ்சம் காற்றுக் கசிந்து வந்தது. ஆனால் அறுந்துபோகாமல் நீண்டது. மதிலைத் தாண்டியது, ஓடையைத் தாண்டியது. எதிர்ச் சரிவில் மணிகள் நின்றுபோயின. ஒரு மணிகூட அசையவில்லை. அத்தனை ஆடும் தலையைத் தூக்கி நின்றன. தெரிந்த ஆள் வேறு குரலில் கூப்பிடுகிறானா, வேறு எவனோவா என்று யோசிப்பதுபோல.

நான் பல் செட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அவன் மறுபடி ஊதினான். நீளமாக. வா.

ஒற்றைக்கொம்புக் கிழட்டு ஆடு ஒன்று முதலில் காலெடுத்து வைத்தது. அதன் மணி டங் என்றது. பின்னால் இன்னொன்று. அப்புறம் எண்ண முடியவில்லை. சரிவே நகர்வதுபோல் அத்தனையும் இறங்கத் தொடங்கின. குட்டிகள் தாவிக்கொண்டு, மணிகள் ஒன்றை ஒன்று விரட்டிக்கொண்டு, தூசி எழும்ப, நேரே எங்களைப் பார்த்து.

வார்டிஸ் பாறைக்குக் கீழே வந்து நின்று அண்ணாந்து பார்த்தான். தேவைக்கு மேல் சத்தமாகக் கத்தினான்.

"சத்தம் மாறிப்போச்சுடா கனாகிஸ்!"

"ஆடு மாறலல்ல?" என்றான் அவன்.

ஆடுகள் பட்டி வாசலில் முட்டி மோதி நுழைந்தன. கத்தரி பிடித்தவர்கள் எல்லாம் அசையாமல் அந்தப் பொக்கை வாயையும், அதிலிருந்த வெள்ளைக் கோட்டையும், நீல ரிப்பனையும் பார்த்துக்கொண்டே நின்றார்கள். கனாகிஸ் பாறையிலிருந்து கத்தினான். பல் இல்லாததால் வார்த்தை கொழகொழவென்று வந்தது. ஆனால் நாலு ஊருக்கும் புரிந்தது.

"என்னடா வாயப் பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? வெயிலு ஏறுது. கத்தரிய எடுங்க!"